லட்சம் ரூபாய் எங்கே செலவாகிறது என்று பிரித்துச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் ஹாம் ரேடியோ, அதாவது லைசென்ஸ் வாங்கி சொந்த ரேடியோ செட்டில் ஊர் உலகத்தோடு பேசுகிற பொழுதுபோக்கு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஒரு வரியைத் தவிர. செயற்கைக்கோள் வழியாகப் பேச மைக்ரோவேவ் (கிகாஹெர்ட்ஸ் கணக்கில் போகிற ரேடியோ அலை) கருவிகள் வேண்டும், அதற்கு லட்சக்கணக்கில் ஆகும், ஆகவே அது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் பாலிடெக்னிக் படிக்கிற ஒரு பையன், "அண்ணா, இது நமக்கெல்லாம் ஆகாதாமே" என்று வந்து நின்றான். அதனால்தான் இந்தக் கடிதம்.

காவேரிப்பட்டணத்தில் டிடிஎச் டிஷ் மாட்டுவது என் தொழில். ஹாம் லைசென்சும் வைத்திருக்கிறேன். கூரை மேல் ஏறி டிஷ் திருப்புகிறவனுக்கும் ரேடியோக்காரனுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, சாமான் முக்கால்வாசி ஒன்றுதான். எதற்கு எவ்வளவு ஆகிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. எல்லாச் செயற்கைக்கோளுக்கும் மைக்ரோவேவ் தேவையில்லை. நம் இஸ்ரோ 2005 மே 5-ம் தேதி பி.எஸ்.எல்.வி. சி-6 ராக்கெட்டில் கார்ட்டோசாட்-1 உடன் ஹாம்சாட் என்று ஒன்றை அனுப்பியது. 42 கிலோ சொச்சம் எடை, ஹாம்களுக்கென்றே செய்தது. 435 மெகாஹெர்ட்ஸில் நாம் பேசினால் 145-ல் திருப்பி அனுப்பும். 2014 ஜூலையில் பேட்டரி போய் நின்றது, நியாயமாகப் பார்த்தால் எதிர்பார்த்ததை விட நிறைய நாள் உழைத்தது. அதில் பேச மைக்ரோவேவ் எதுவும் வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தில், கேட்டதைத் திருப்பி ஒலிபரப்புகிற ரிப்பீட்டர் ஒன்று இருக்கிறது, 145.990 மெகாஹெர்ட்ஸில் பேசினால் 437.800-ல் கேட்கும். சில ஆயிரம் ரூபாய்க்கு வருகிற கையடக்க செட்டும், பிவிசி பைப்பில் பழைய ஸ்டீல் டேப்பை வெட்டிக் கட்டிய யாகி ஆன்டெனாவும் இருந்தால் மொட்டை மாடியிலிருந்து கேட்கலாம், லைசென்ஸ் இருந்தால் பேசவும் பேசலாம். ஒரே கஷ்டம், தலைக்கு மேல் பத்து நிமிஷம்தான் இருக்கும், அதற்குள் ஆயிரம் பேர் முண்டியடிப்பார்கள்.

இனி மைக்ரோவேவ். உங்கள் கட்டுரையாளர் சொல்ல வந்தது கியூஓ-100 என்பதைத்தான் என்று நினைக்கிறேன். கத்தார் நாட்டின் எஸ்ஹெயில்-2 என்ற டிவி சாட்டிலைட்டில், ஹாம்களுக்காக ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். 2018 நவம்பர் 15-ல் ஏவினார்கள். இது புவிநிலைச் சாட்டிலைட், கிழக்குத் தீர்க்கரேகை 26-க்குப் பக்கத்தில் நகராமல் நிற்கிறது, பிரேசிலில் தொடங்கி தாய்லாந்து வரை பார்க்கும். நாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் அனுப்ப வேண்டும், அது 10.489 கிகாஹெர்ட்ஸில் திருப்பித் தரும். இரண்டுமே மைக்ரோவேவ்தான், உங்கள் கட்டுரையாளர் பயந்ததும் அதைப் பார்த்துத்தான். ஆனால் அந்த இரண்டில் ஒன்று ரொம்பச் சல்லிசு, மற்றது ரொம்பச் செலவு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி லட்சம் என்று எழுதியதில்தான் எனக்கு வருத்தம்.

கேட்கிற பக்கம் சல்லிசு. 10.489 என்பது டிவி டிஷ் வேலை செய்கிற கே.யூ. பேண்டுக்குத் தொட்டடுத்த இடம். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்குகிற யுனிவர்சல் எல்.என்.பி. ஒன்று கடையில் 300, 400 ரூபாய்க்கு வருகிறது. அதன் உள்ளே இருக்கிற ஆஸிலேட்டர் 9.75 கிகாஹெர்ட்ஸ், வருகிற அலைவரிசையில் அதைக் கழித்துக் கொடுக்கும், ஆக 10489.75 மெகாஹெர்ட்ஸில் கேட்கிற பீக்கன் (சாட்டிலைட்டிலிருந்து எப்போதும் வருகிற அடையாளச்) சிக்னல் கேபிளில் இறங்கும்போது 739.75 மெகாஹெர்ட்ஸாக வந்துவிடும். அதை வீட்டு ஆர்ஜி-6 ஒயரே கொண்டுவரும், ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். என்கிற பென்டிரைவ் அளவு ரிசீவர் பிடித்துக் கம்ப்யூட்டரில் காட்டும். அந்த ரிசீவர்தான் இதில் பெரிய செலவு, மூவாயிரம் நாலாயிரம். டிஷ்ஷை யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். கேபிளுக்கும் போனுக்கும் மாறிவிட்டவர்கள் வீட்டு மாடியில் துருப்பிடித்துக் கிடக்கிறதெல்லாம் எங்களுக்குத் தெரியும், பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதற்கு முன்னால் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷிலேயே பீக்கன் கேட்கும், ஆனால் நாம் அந்தச் சாட்டிலைட்டின் பார்வையில் கிழக்குப் பக்கம் இருக்கிறோம், 90 சென்டிமீட்டர் கிடைத்தால் நிம்மதி.

மாட்டும்போது ஒரு சங்கதி, இது எங்கள் தொழில்காரர்களுக்கே புரியும். நம் ஊர் டிடிஎச் சாட்டிலைட்டுகள் ஏறக்குறைய தலைக்கு மேல் இருப்பதால் டிஷ்ஷை நன்றாக மல்லாத்தி வைத்துப் பழகியிருக்கிறோம். கியூஓ-100 அப்படி இல்லை. கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து அது மேற்கே, கொஞ்சம் தெற்கு தள்ளி, 29 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. ஆஃப்செட் டிஷ் (வீட்டு டிடிஎச் டிஷ் இந்த வகைதான்) கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும், பார்க்கிறவன் "கீழே பார்த்து மாட்டியிருக்கானே" என்பான். எல்.என்.பி-யையும் 75 டிகிரி அளவுக்குத் திருக வேண்டும். திருகாமல் விட்டால் வெர்டிகலும் ஹாரிசான்டலும் (நிமிர்ந்து வருகிற அலையும் படுத்து வருகிற அலையும்) ஏறக்குறைய இடம் மாறிவிடும், வெர்டிகலுக்கான 13 வோல்ட் கொடுத்துக்கொண்டு ஏன் ஒன்றும் வரவில்லை என்று நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். கேபிளில் 22 கிலோஹெர்ட்ஸ் டோன் போகக்கூடாது, போனால் எல்.என்.பி. ஹை பேண்டுக்குத் தாவிவிடும். அப்புறம் மேற்கே மாந்தோப்போ தென்னையோ இருந்தால் வேறு இடம் பாருங்கள், 10 கிகாஹெர்ட்ஸுக்கு ஈர இலை பரம எதிரி. கேபிள் டிவிக்காரர்கள் போட்டுவிட்டுப் போன பெரிய வலை டிஷ் கிடைத்தால் ஆசைப்பட வேண்டாம். 10 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு, வலைக்கண் 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் சிக்னல் அதன் வழியாக ஒழுகிவிடும். 2.4-க்கு அந்த டிஷ் நன்றாக உழைக்கும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆக, கேட்பதற்கு ஐயாயிரம், ஆறாயிரம். கம்ப்யூட்டர் வீட்டில் இருப்பது. அந்தப் பணமும் இல்லை என்றால் இங்கிலாந்தில் கூன்ஹில்லியில் ஒரு ரிசீவர் வைத்து இணையத்தில் திறந்துவிட்டிருக்கிறார்கள், செல்போனில் பைசா செலவில்லாமல் கேட்கலாம். அந்தப் பையனுக்கு அன்றைக்கே அதைக் காட்டினேன், ஜெர்மனிக்காரர் ஒருவர் தென்னாப்பிரிக்காக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார், ஆண்ட்ராய்டு போனில் காதை வைத்துக்கொண்டு அவன் சாப்பிடவே போகவில்லை.

அனுப்புகிற பக்கம் வந்தால் கதை வேறு, உங்கள் கட்டுரையாளர் மேல் நான் முழுசாகக் கோபப்பட முடியாமல் போவது இங்கேதான். சாட்டிலைட்டுக்குப் பேச்சு போய்ச் சேர 75 சென்டிமீட்டர் டிஷ்ஷோடு 5 வாட் அளவு வேண்டும் என்பது கணக்கு. 5 வாட் என்றால் சைக்கிள் டைனமோ கூடக் கொடுக்கும், ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்த 5 வாட்டை உண்டாக்குவதும், ஒழுகாமல் ஆன்டெனா வரை கொண்டுபோவதும் காசு. சாதாரண ஆர்ஜி-58 ஒயர் அந்த அலைவரிசையில் மீட்டருக்கு ஒரு டெசிபல் அளவில் தின்றுவிடும். மாடிக்கும் அறைக்கும் 10 மீட்டர் என்றால் 5 வாட் போட்டு அரை வாட் வாங்கலாம். தடித்த நல்ல கேபிள் போட்டால் இழப்பு கால்வாசிக்கும் கீழே இறங்கும், விலை பல மடங்கு ஏறும். அதற்கு ஏற்ற 'N' டைப் கனெக்டர் ஒவ்வொன்றுக்கும் தனி விலை, அதிலும் போலி. அதனால் ஆம்ப்ளிஃபையரை டிஷ்ஷுக்குப் பக்கத்திலேயே மழை படாத பெட்டியில் வைப்பதுதான் எல்லோரும் செய்வது.

கருவி வாங்குவதில் மூன்று வழி இருக்கிறது. பணம் இருக்கிறவர் ஐகாம் ஐசி-905 வாங்குவார். 144-லிருந்து 5600 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாம் ஒரே பெட்டியில், 10 கிகாஹெர்ட்ஸுக்குத் தனியாக ஒரு பெட்டி. அமெரிக்காவிலேயே மூவாயிரம் டாலருக்கு மேல், நம் ஊர் வந்து சேரும்போது நீங்கள் எழுதிய லட்சங்கள் நிஜமாகவே ஆகிவிடும். வாங்குகிறவர் வாங்கட்டும், குறை சொல்லவில்லை. இரண்டாவது வழி, கையில் இருக்கிற செட்டோடு ஒரு டிரான்ஸ்வெர்ட்டர், அதாவது செட்டின் அலைவரிசையை வேறொன்றுக்கு மாற்றுகிற பெட்டி. ஜெர்மனி, பல்கேரியா, போர்ச்சுகல் பக்கம் சின்னச் சின்ன நிறுவனங்கள் செய்து விற்கின்றன, சில நூறு யூரோ. மூன்றாவது, புளூட்டோ என்கிற எஸ்.டி.ஆர்., அதாவது கம்ப்யூட்டரோடு சேர்ந்து வேலை செய்கிற ரேடியோ. மாணவர்கள் படிப்பதற்காக அனலாக் டிவைசஸ் செய்தது. ஆரம்பத்தில் 150 டாலருக்குள் கிடைத்தது, இப்போது 200-ஐத் தாண்டிவிட்டது. ஒரே சமயத்தில் கேட்கவும் அனுப்பவும் செய்யும், ஆனால் அதிலிருந்து வருவது சில மில்லிவாட்தான், 5 வாட் ஆக்க ஆயிரம் மடங்கு பெருக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் பலர் அதற்கு வைஃபை பூஸ்டரைப் போட்டு ஒப்பேற்றுகிறார்கள்.

பூஸ்டர் என்றதும் "வைஃபைக்குத்தான் லைசென்ஸ் வேண்டாமே, அதே 2.4 தானே" என்று ஒரு வாதம் வரும். வராதீர்கள் அந்த வழிக்கு. லைசென்ஸ் இல்லாத வைஃபைக்கு நம் நாட்டில் ஆன்டெனாவோடு சேர்த்து 4 வாட் தான் எல்லை. 5 வாட்டை டிஷ்ஷில் குவித்தால் அந்தக் கணக்கில் எண்ணூறு வாட்டுக்கு மேல் போகும். ஹாம் லைசென்ஸ் வாங்கி, அதில் எழுதியிருக்கிற அலைவரிசைக்குள் இருந்தால்தான் பட்டனை அமுக்கலாம். லைசென்ஸ் ஒன்றும் கசப்பு மருந்து இல்லை. 12 வயது ஆனால் பரீட்சை எழுதலாம், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு நடத்துகிறது, ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தந்திப் பரீட்சை கூடக் கிடையாது. நான் இன்னும் கியூஓ-100-ல் கேட்பதோடு சரி.

விலைப்பட்டியலில் இல்லாத செலவு ஒன்று இருக்கிறது, அதுதான் ஆளை உட்கார வைத்துவிடுகிறது. ஓசூர் நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து சின்ன ஆம்ப்ளிஃபையர் போர்டு ஒன்றை வரவழைத்தார். போர்டு விலை ஒரு பங்கு என்றால் கூரியர், சுங்கம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து இன்னொரு பங்குக்கு வந்து நின்றது. அதற்கு மேல், இது டிரான்ஸ்மிட்டரா, அனுமதி எங்கே என்று பார்சல் வாரக்கணக்கில் ஒரு கிடங்கில் தூங்கியது. அது தானாகப் பேசுகிற டிரான்ஸ்மிட்டர் இல்லை, டிரான்ஸ்மிட்டரில் ஒரு துண்டு என்று விளக்க எந்தக் கவுண்டருக்குப் போவது என்றே யாருக்கும் தெரியவில்லை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கேட்டால் "சார், அந்த ஃப்ரீக்வன்சிக்கு ஆள் வர்றதே இல்ல" என்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவிலும் அதே பதில்தான். கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, வருஷத்துக்கு ஒருவர் கேட்கிற சாமானை அவர் ஏன் வாங்கி அடுக்க வேண்டும்?

விலையின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. 10 கிகாஹெர்ட்ஸ் எல்.என்.பி. செய்வது 2.4 ஆம்ப்ளிஃபையர் செய்வதை விட நுட்பமான வேலை. ஆனாலும் அது 300 ரூபாய், ஏனென்றால் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்கிறது. ஹாம்கள் எப்போதும் அடுத்தவன் லட்சக்கணக்கில் செய்த சாமானைத் திருப்பிப் போட்டுத்தான் மைக்ரோவேவ் பழகினார்கள். 2000 நவம்பரில் போன ஏஓ-40 சாட்டிலைட் 2.4-ல் ஒலிபரப்பியது. அதைக் கேட்க அமெரிக்காவில் வயர்லெஸ் கேபிள் டிவிக்காகச் செய்து கழித்துவிட்ட டவுன்கன்வெர்ட்டரை வாங்கி, பிரித்து, மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். கியூஓ-100-ன் இறங்குவழி டிவி பேண்டுக்குப் பக்கத்திலேயே அமைந்தது நமக்கு அடித்த யோகம்.

கையால் செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. 2.4-ல் அனுப்பவும் 10-ல் கேட்கவும் ஒரே டிஷ்ஷில் வைக்கிற ஃபீடு (டிஷ்ஷின் முன்னால் நிற்கிற ஆன்டெனா) ஒன்றை இங்கிலாந்து, நெதர்லாந்து ஹாம்கள் வடிவமைத்து அளவுகளை எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். இரண்டு செம்புத் தகடு, நடுவில் 22 மில்லிமீட்டர் செம்புக் குழாய், அவ்வளவுதான். அந்தக் குழாய்தான் 10 கிகாஹெர்ட்ஸுக்கு அலைவழி. முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல், ஏ.சி. மெக்கானிக்குகளிடம் வெட்டித் தள்ளிய துண்டு கிடைக்கும். ஓசூர் சிட்கோவில் லேத் போட்டிருக்கிறவர்கள் கார் கம்பெனிகளுக்கு மைக்ரான் கணக்கில் கடைந்து கொடுக்கிறவர்கள், இது அவர்களுக்கு டீ நேர வேலை. நான் சொன்ன வலை டிஷ் இருந்தால் அனுப்புவதற்கு மட்டும் அதைத் தனியாக வைத்து, செம்புக் கம்பியைச் சுருட்டி ஹெலிக்ஸ் போட்டாலும் போதும். சாட்டிலைட்டுக்குப் போகிற அலை வலச்சுற்றாகச் சுழல வேண்டும், டிஷ்ஷில் பட்டுத் திரும்பும்போது சுற்று மாறிவிடும், அதனால் கம்பியை இடச்சுற்றாகச் சுருட்ட வேண்டும். எல்லோரும் ஒரு தடவை தலைகீழாகச் சுருட்டிவிட்டுத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

கையால் செய்ய முடியாதது அளக்கிற கருவி. செய்த ஆன்டெனா 2.4-ல் ஒத்துப்போகிறதா, ஆம்ப்ளிஃபையர் கேட்டதை மட்டும் அனுப்புகிறதா, பக்கத்தில் குப்பையையும் சேர்த்து அனுப்புகிறதா என்று பார்க்க ஸ்பெக்ட்ரம் அனலைசர், பவர் மீட்டர் எல்லாம் வேண்டும். இதைப் பார்க்காமல் சாட்டிலைட்டில் குப்பை கொட்டினால் மூன்று கண்டத்துக்காரர்கள் சேர்ந்து திட்டுவார்கள். இந்தக் கருவிகள்தான் தனியாள் தொட முடியாத விலை.

ஆனால் இவை நம் மாவட்டத்தில் இல்லாமல் இல்லை. பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, தருமபுரியில் செட்டிக்கரையில் இன்னொன்று. தனியார் கல்லூரிகள் எத்தனை என்று நெடுஞ்சாலை போர்டுகளை எண்ணினாலே தெரியும். எலக்ட்ரானிக்ஸ் பிரிவு இருக்கிற கல்லூரி என்றால் மைக்ரோவேவ் லேப் என்று ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதில் மைக்ரோவேவை உண்டாக்குகிற கிளைஸ்ட்ரானோ கன் டையோடோ வைத்து எக்ஸ் பேண்ட் மேஜை, 8-லிருந்து 12 கிகாஹெர்ட்ஸ். கியூஓ-100 பேசுகிற 10.489 அதற்குள்தான் வருகிறது! அந்த மேஜையில் பசங்கள் நின்று, நிலை அலை விகிதம் குறித்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கி, பிராக்டிகல் முடிந்ததும் துணி போட்டு மூடிவிடுகிறார்கள். அதே பேண்டில் வானத்திலிருந்து நிஜமான சிக்னல் ஒன்று இருபத்துநாலு மணி நேரமும் அந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியில் விழுந்துகொண்டிருக்கிறது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்கள்?

எனவே நான் கேட்பது இதுதான். வீட்டுக்கு வீடு அனுப்பும் கருவி வேண்டாம். நெல் அறுக்கிற மெஷினை ஒவ்வொரு விவசாயியுமா வாங்குகிறார்? இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஏதாவது ஒரு அரசுக் கல்லூரி மாடியில் பொது நிலையம் ஒன்று போடட்டும். ஒரு டிஷ், ஒரு டிரான்ஸ்வெர்ட்டர், ஒரு ஆம்ப்ளிஃபையர், கல்லூரியின் அளக்கும் கருவிகள், லைசென்ஸ் உள்ள ஒரு பேராசிரியரோ ஊர் ஹாமோ பொறுப்பு. கல்லூரி பெயரில் கிளப் லைசென்ஸ் வாங்கலாம், அனுமதிக் கடிதங்களையும் இறக்குமதிக் காகிதங்களையும் ஒரு நிறுவனமாகப் போய்க் கேட்டால் கதவு கொஞ்சமாவது திறக்கும். பெரிய நிறுவனங்கள் ஓசூரைச் சுற்றி வரிசையாக இருக்கின்றன, சமூகப் பொறுப்பு நிதியில் பெஞ்சும் ஆர்.ஓ. வாட்டர் பிளான்டும் வாங்கித் தருகிறார்கள், இதையும் கேட்டுப் பார்க்கலாம். மொத்தமாக ஒன்றரை லட்சத்துக்குள் முடியும் என்பது என் கணக்கு. டிவி படம் அனுப்ப வேண்டும் என்றால் கதை வேறு, அதற்கு 2.4 மீட்டர் டிஷ்ஷும் 100 வாட்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போதைக்கு அது நமக்கு வேண்டாம்.

பேரிடர் நேரத்தில் உதவும் என்று சொன்னால்தான் அதிகாரிகள் காது கொடுப்பார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதில் அளவோடுதான் பேச வேண்டும் என்பது என் கருத்து. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் வந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதே, நிறுத்தியிருந்த வண்டிகள் ரோட்டில் மிதந்து போனதை எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். அந்த மாதிரி ராத்திரியில் முதலில் தேவை கையடக்க செட்டுகளும் ஒரு மலை உச்சி ரிப்பீட்டரும்தான், டிஷ் அல்ல. அந்த அளவு மழையில் 10 கிகாஹெர்ட்ஸ் சிக்னலே தள்ளாடும். ஆனால் டவரும் ஃபைபரும் அறுந்த பிறகு, மழை விட்டதும், ஒரு கார் பேட்டரியில் ஒரு டிஷ்ஷை வைத்து வெளியூரோடு கால் நொடித் தாமதத்தில் பேச முடியும் என்பது சின்ன விஷயம் இல்லை. சுனாமி சமயத்தில் அந்தமானில் தற்செயலாக முகாம் போட்டிருந்த ஹாம்கள்தான் அங்கிருந்து முதல் தகவல்களை வெளியே கொண்டுவந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது மைக்ரோவேவ் இல்லை, சாதாரண ஷார்ட்வேவ் செட். பழகின ஆள் அங்கே இருந்ததுதான் காரணம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைக் கிராமங்களில் சாதாரண நாளிலேயே போன் எடுக்காத இடங்கள் இருக்கின்றன, அங்கே டிஷ் மாட்டப் போகும்போது மரத்தில் ஏறி நின்று பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மாணவர் பக்கத்தில் அடுத்த முறை எழுதும்போது கேட்கிற செலவையும் அனுப்புகிற செலவையும் தயவுசெய்து தனித்தனியாகப் போடுங்கள். முடிந்தால் இரண்டு அரசுக் கல்லூரி முதல்வர்களிடமும் உங்கள் நிருபரை அனுப்பி, அந்த லேப் மேஜை வருஷத்தில் எத்தனை நாள் ஓடுகிறது என்று கேட்டு எழுதுங்கள். டிஷ் மாட்டுகிற கூலி நான் வாங்க மாட்டேன், என் கடையில் 90 சென்டிமீட்டர் டிஷ் இரண்டு சும்மா கிடக்கிறது, எந்தக் கல்லூரி கேட்டாலும் கொண்டுபோய் 29 டிகிரியில் நிறுத்திக் கொடுக்கிறேன். தை பிறந்து கல்யாண சீசன் வந்தால் மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டிடிஎச் மெக்கானிக் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.